தள்ளுவண்டி விலை

ஈஜிபுராவில் என் வீட்டிலிருந்து வாழைப்பழ வண்டி நிற்கும் முனைக்கு நூற்றுப் பன்னிரண்டு எட்டு. மழைத் தண்ணீர் தேங்கினால் சுற்றிக்கொண்டு போக நூற்று நாற்பது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தினமும் காலையில் அங்கே போய் அரைக் கிலோ ஏலக்கி வாழைப்பழம் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் எண்ணுவேன். காய் நன்றாகத் திரண்ட காலத்தில் அரைக் கிலோவுக்கு ஏழு நிற்கும். கோடையில் ஒன்பது. அன்றைய விலையையும் பழ எண்ணிக்கையையும் ஒரு நீள நோட்டில் எழுதுவேன். தொழிற்சாலை ஸ்டோரில் முப்பத்துநான்கு வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்தவன் நான். எண்ணாமல் ஒரு பொருளை வாங்கி உள்ளே வைக்க எனக்குத் தெரியாது.

அந்த நோட்டை நம்பித்தான் என் தம்பி ஒரு ஏக்கர் வாழை வைத்தான்.

அவன் நிலம் ஆனேக்கலைத் தாண்டி இருந்தது. எங்கள் அப்பா வாங்கிப் போட்டது. நான் நகரத்தில் வீடு கட்டிக்கொண்டதால் நிலம் அவனுக்கு என்று பேசி முடித்தோம். ராகி போட்டான், தக்காளி போட்டான், ஒன்றும் நிற்கவில்லை. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் மனையாகிவிட்டது. நான்காவது பக்கத்துக்காரரும் கல் நட்டுவிட்டார். கிணறு வறண்டு, போர்வெல் போட்டதில் ஆயிரத்து நூறு அடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது. அதற்குத் தம்பி மனைவியின் வளையல்கள் போயின. அவள் ஒருநாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத் தீர்த்துச் சொன்னாள்.

"இந்த ஒரு தடவை பாக்கலாம் மாமா. போட்டது திரும்பி வந்தா நிலம் இருக்கட்டும். வரலேன்னா மனைக்குக் கேக்கறவங்களுக்குக் குடுத்துடணும். அதுக்கப்புறம் இவரு வாயே தொறக்கக் கூடாது."

தம்பி என்னைப் பார்த்தான். நான் நோட்டுகளை எடுத்தேன். எட்டு வருஷத்து விலை அதில் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தைய வாரம் ஏலக்கி விலை ஏறியிருக்கிறது. ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. அந்த ஒரு வாரத்தில் இந்த ஊர்ப் பெண்கள் தட்டு நிறைய பழம் வைக்காமல் பூஜை செய்ய மாட்டார்கள். விலை கேட்டு முகம் சுளிப்பார்கள், ஆனால் வாங்குவார்கள்.

"அந்த வாரத்துக்கு வர்ற மாதிரி நடு" என்றேன். பக்கக் கன்று வைத்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று மூன்று மாதத்துக்குத் தார் தள்ளும். திசு வளர்ப்புக் கன்று வைத்தால் தோட்டம் முழுக்க ஒன்றாக வரும். விலை கூடுதல்தான். இருந்தாலும் அதையே வாங்கச் சொன்னேன். தொள்ளாயிரத்து நாற்பது கன்று. நடும்போது நானே வரிசையாக நடந்து எண்ணினேன். மூன்று கன்று குறைவாக இருந்தது. நர்சரிக்காரனிடம் சண்டை போட்டு வாங்கினேன். அந்த மூன்று கன்றுக்காக அரை நாள் கத்தினவன் நான். மற்ற எதற்கும் வாய் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

வாழை நன்றாகத்தான் வந்தது. அதுதான் கொடுமை. களை எடுக்க ஆள் இல்லை. ஊர் இளவட்டங்கள் எல்லாம் ஹெப்பகோடி தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுகிறார்கள். அங்கே விசிறிக்கு அடியில் நின்று சம்பாதிப்பதை விட்டுவிட்டு எவன் வெயிலில் மண்வெட்டி பிடிப்பான்? தம்பியும் மனைவியும் இருவராகவே மண் அணைத்தார்கள். தார் சாயாமல் இருக்க முட்டுக் கொடுக்கும் கழியின் விலை, போன தடவை கேட்டதற்கு இரண்டு பங்காகியிருந்தது. நான் வாரம் ஒருமுறை சில்க் போர்டில் பஸ் மாறிப் போய்த் தாருக்கு எத்தனை சீப்பு என்று எண்ணிவிட்டு வந்தேன். பெரும்பாலும் ஒன்பது. சிலவற்றில் பத்து.

விரதத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வியாபாரி வந்தார். இந்தப் பக்கத்து வழக்கத்தில் விவசாயி மண்டிக்குக் கொண்டுபோவதில்லை. வியாபாரிதான் ஆளோடு தோட்டத்துக்கு வந்து, தானே வெட்டி, எடை போட்டு, தார்த் தண்டுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு காசு கொடுப்பார். நாலு தாரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் ஒரு விலை சொன்னார். அன்று காலை வாழைப்பழ வண்டியில் நான் கொடுத்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

"என்ன விளையாடறீங்களா?" என்றேன். நோட்டு கையில் இருந்தது. பிரித்துக் காட்டினேன்.

அவர் நோட்டை வாங்கி மரியாதையாகவே பார்த்தார். "இது ரோட்டுல விக்கற வெல சார். நான் வெட்டுக் கூலி குடுக்கணும், லாரி, டீசல், மண்டி கமிஷன், பழுக்க வெக்கற ரூம் வாடகை. வண்டிக்காரம்மா வீட்ல அடுப்பு எரியணும். அழுகறது வேற. இதெல்லாம் உங்க நோட்டுல எங்க இருக்கு?"

"அதுக்காக நாலில் ஒண்ணா?"

"இந்த வருஷம் எல்லாருமே வரமகாலட்சுமி ஹப்பத்துக்குன்னு வெச்சுட்டாங்க சார். போன வருஷம் வெல ஏறிச்சில்ல, அதப் பாத்துட்டு. அத்திப்பள்ளியிலேருந்து இங்க வரைக்கும் ஒரே வாரத்துல தார் நிக்குது. சத்தியமங்கலம் பக்கத்து லாரி வேற வருது." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க எங்க சார் வேல பாத்தீங்க?"

"ஃபேக்டரி ஸ்டோர்ல."

"அதான். உங்க சாமான் ராக்ல வெச்சா வெச்சபடி இருக்கும். இது இருக்காது சார். நாளைக்கு வேற எடத்துல வெட்டிக்குவேன், அப்புறம் என்மேல பேஜாரு ஆவாதீங்க."

தம்பி என் கையைத் தொட்டான். "குடுத்துடலாமாண்ணா? கன்று காசாவது வரும்."

வேண்டாம் என்றேன். இன்னும் மூன்று நாளில் விலை ஏறும், எட்டு வருஷமாக ஏறுகிறது என்றேன். அவன் மனைவி முட்டுக் கழி ஒன்றைப் பிடித்தபடி நின்றாள். நான் படித்தவன், அவள் வீட்டுப் பெரியவன். என் பேச்சை அவள் தட்ட மாட்டாள். வியாபாரி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினார்.

விலை ஏறியது. என் முனையில் ஏறியது. நோட்டில் இருந்ததுபோலவே ஏறியது. நான் காலையில் எழுதிவிட்டுத் தம்பிக்குப் போன் செய்வேன். அவன் "இங்க யாரும் வரலண்ணா" என்பான். நான்காம் நாள் அந்த வியாபாரிக்கே போன் செய்தேன். பழுக்கவைக்கும் அறையில் இடமில்லை, இனி வெட்டினால் விரத வெள்ளிக்கிழமைக்குப் பழுக்காது என்றார். "மொதல்லயே சொன்னேனே சார்" என்றார். குரலில் கேலிகூட இல்லை. வேறு நான்கு பேரைக் கேட்டேன். ஒருவர், வெட்டி ரோட்டோரம் வைத்தால் காசு ஏதும் தராமல் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார். தம்பி கடைசியில் ஒரு டெம்போ வாடகைக்குப் பிடித்து முப்பது தார் மண்டிக்குக் கொண்டுபோனான். வந்த காசு டெம்போவுக்குச் சரியாக இருந்தது.

பூஜையன்று என் மனைவி அதே வண்டியில் பழம் வாங்கி வந்தாள். தம்பி தோட்டத்தில் தொள்ளாயிரம் தார் நிற்க, நாங்கள் ஈஜிபுராவில் கிலோவுக்கு அந்த விலை கொடுத்துச் சாமிக்குப் படைத்தோம். நடுவில் இருந்தது முப்பது கிலோமீட்டர் ரோடு. அதைக் கடக்க என்னென்ன வேண்டும் என்பதை எட்டு வருஷத்தில் ஒரு வரியாவது நான் எழுதியிருக்கவில்லை.

அடுத்த வாரம் போனேன். ஏலக்கி மரத்திலேயே பழுத்தால் காம்பை விட்டு உதிர்ந்துவிடும். காலடியெல்லாம் பழம். அணிலும் குருவியும் தின்று தீரவில்லை. பக்கத்து ஊர் மாடுகளை ஓட்டி வந்து விட்டிருந்தார்கள். நான் எண்ணவில்லை. கார்த்திகைக்குள் டிராக்டர் விட்டு எல்லாவற்றையும் உழுதார்கள். தை பிறப்பதற்குள் நிலம் கைமாறியது. இப்போது அங்கே தகரக் கூரை போட்ட பெரிய கிடங்கு நிற்கிறது. தம்பி ஆனேக்கலில் வாடகை வீட்டில் இருக்கிறான். மனைவி சொன்னபடியே நிலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்த வருஷம் விரதத்துக்கு முதல் நாள் தம்பியும் அவன் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி என்னோடு முனைவரை நடந்து வந்தான். வண்டிக்காரம்மா சொன்ன விலை என் நோட்டில் எந்த வருஷத்திலும் இல்லாதது.

அவன் ஒரு சீப்பை எடுத்து, காயின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். "இது முத்தல. பதினஞ்சு நாள் முன்னாடியே வெட்டிட்டாங்க."

"வேணும்னா எடுப்பா, இல்லாட்டி வுடு. சரக்கே வரல. ஆனேக்கல் பக்கம் இப்ப யாரும் வாழையே போடறதில்லையாம்."

தம்பி பையிலிருந்து காசை எடுத்தான். நான் தடுத்தேன். அவன்தான் கொடுத்தான்.

வீட்டில் வந்து பையைக் கவிழ்த்துப் பழக்க தோஷத்தில் எண்ணத் தொடங்கிவிட்டேன். தம்பி மனைவி கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் ஐந்தாவது நோட்டு கண்ணில் படும்படி இருந்தது.

"எழுதலையா மாமா?" என்றாள்.

நான் அடுத்த பழத்தை எடுத்து வைத்தேன்.

"எழுதுங்க. எவனாவது படிச்சிட்டு வாழை வெக்கட்டும்."

அவள் கோலம் போட வெளியே போனாள். தம்பி நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு கிலோவுக்கு இருபத்தொன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சிறிய காயை நான் வாங்கியதில்லை. நோட்டை எடுக்கவில்லை. இருபத்தொன்றையும் தட்டில் அடுக்கி சாமி அறையில் வைத்தேன்.