பற்பசை நாமம்

புரட்டாசி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில், போர்த்துக்கல்லின் வடக்கே ஒரு சின்ன ஊரில், கண்ணாடி முன்னால் நின்று நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டிருந்தேன். சிவப்புக்குக் குங்குமம் இருந்தது. வெள்ளைக்குத் திருமண் இல்லை. பற்பசையை விரலில் எடுத்து இழுத்தேன். நெற்றி ஜில்லென்று எரிந்து கண்ணில் நீர் வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் சொம்புக்கும் அதே பற்பசையில் ஒரு நாமம் போட்டேன்.

அந்த ஊரும் எங்கள் ஆம்பூர் மாதிரிதான். தெருவுக்குத் தெரு ஷூ கம்பெனி. அதில் ஒன்றில், வந்து இறங்கும் தோலைச் சோதித்து ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் என் வேலை. அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் ஈரத் தோல் சுமக்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறாள். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், முதலில் கல்லூரி போனவள், முதலில் விமானம் ஏறினவள் எல்லாமே நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

மகளுக்கு வேலை கிடைத்தால் அவளே தன் கையால் அரிசி வாங்கிப் படையல் போடுவாள் என்று சோளிங்கர் நரசிம்மரிடம் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் பக்கம் நாமம் போட்டு, சொம்பை ஏந்தி, வாசலில் நின்று "கோவிந்தா" என்று குரல் கொடுப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு பிடி அரிசி போடுவார்கள். அந்த அரிசியைப் பொங்கிப் படைத்த பிறகுதான் விரதம் முடியும். மூட்டை மூட்டையாக வீட்டில் அடுக்கியிருந்தாலும் அன்றைக்குச் சொந்த அரிசி ஆகாது.

பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் பேனாகூடக் கேட்காமல் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். அதனால் இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். முந்தின நாள் அம்மா போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷமும் வுட்டா நல்லா இருக்காது. நாளைக்கு நீ பொங்கினாதான் நானும் சாப்புடுவேன்."

"உனக்கு சுகர் இருக்குதும்மா. மாத்திரை போடணும்."

"அது எனக்குத் தெரியும். நீ அரிசி வாங்கற வழியப் பாரு."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்குக் காலை என்றால் அவளுக்கு மதியம் தாண்டிவிடும். நான் எழுந்து குளித்து நாமம் போடுவதற்குள் அவள் பாதிப் பகல் பட்டினி கிடந்துவிட்டாள்.

அவசரத்தில் சுலபமான வழியைப் பிடித்தேன். என்னோடு தங்கியிருந்த கேரளத்துப் பெண்ணிடம் சொம்பை நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு பிடி சிவப்பு மட்டை அரிசி போட்டாள். உடனே வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"யாரு குடுத்தது?"

"கூட இருக்கற பொண்ணு."

"ஒரே அடுப்புல பொங்கறவ அரிசி நம்ம அரிசிதான். அது கணக்குல சேராது. வெளிய போயி மூணு வூடாவது வாங்கு."

"இங்க எல்லாம் கிறிஸ்டியன் வீடும்மா."

"இருந்தா இன்னா? எதிர் வூட்டு பாய் சம்சாரம் வருஷா வருஷம் நமக்குப் போடல? போ, பேஜார் பண்ணாத. அது இன்னாடி நெத்தியில, பளபளன்னு?"

"பேஸ்ட்டும்மா."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பல்லு வெளக்கற பேஸ்ட்டா? சாமிக்கே நாமம் போட்டுட்டா பாரு உன் பொண்ணு!"

அம்மாவும் சிரித்தாள். ஆனால் திரையில் அவள் முகம் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. போன் பிடித்த கை நடுங்குகிறது என்று புரிந்ததும் மட்டை அரிசியை அதன் டப்பாவிலேயே கொட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

முதல் வீட்டில் மணியை அடித்தேன். ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பிய உடையில் ஒருவர் கதவைத் திறந்தார். போனில் மொழிபெயர்த்து வைத்திருந்ததைக் காட்டினேன். "எங்கள் பண்பாட்டில் இன்று ஒரு புனித நாள். தயவுசெய்து சிறிதளவு அரிசி வழங்குவீர்களா?" அவர் என் நெற்றியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், உள்ளே போய் வந்தார். சொம்புக்குள் இரண்டு நாணயங்கள் டங்கென்று விழுந்தன. கதவு மூடிக்கொண்டது.

காது மடல்வரை சூடாகிவிட்டது. திரும்பவும் மணியடித்து, அந்த இரண்டு நாணயங்களையும் அவர் கையிலேயே வைத்துவிட்டு, "காசு வேண்டாம்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை போர்த்துகீசியத்தில் சொன்னேன். அவர் விழித்தார். நான் படியிறங்கி வந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கோவிந்தா போட்டியா?"

"மணி அடிச்சேன்."

"மணி அடிச்சா சிலிண்டர்காரன்னு நெனைப்பாங்க. கோவிந்தா போடாம வாங்கினா அது கைமாத்து அரிசி. கொரல் குடு."

"வெக்கமா இருக்குதும்மா."

"அவ்ளோ பெரிய கம்பெனியில தோலு சரியில்லன்னு திருப்பி அனுப்பறேன், எல்லாரும் வாயப் பொத்திக்கினு கேக்கறாங்கன்னு சொன்ன. அங்க வர்ற கொரல் இங்க வரலியா? எனக்குப் பசிக்குதுடி."

கடைசி வார்த்தையை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அம்மா தன் வாயால் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

கருங்கல் பாவிய அந்தத் தெருவின் நடுவில் போய் நின்றேன். சொம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தேன்.

"கோவிந்தா! கோ...விந்தா!"

இரண்டு பக்கச் சுவர்களிலும் பட்டு என் குரல் எனக்கே திரும்பி வந்தது. ஒரு நாய் குரைத்தது. மாடியில் ஒரு சன்னல் திறந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த வயதான அம்மாள் எட்டிப் பார்த்து, என்ன வேண்டும் என்று கையை ஆட்டிக் கேட்டாள். எனக்குப் போர்த்துகீசியம் மொத்தமும் மறந்துபோனது. சொம்பைத் தூக்கிக் காட்டி, நல்ல தமிழில், "அரிசி!" என்றேன்.

"அரோஸ்?"

அவர்கள் மொழியில் அரிசிக்கு அதுதான் பெயர். கடையில் தினமும் பார்க்கிற சொல். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும் இரண்டு சொற்களும். "ஆமா, ஆமா, அரோஸ்!" என்று குதித்தேன்.

அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். உருண்டை உருண்டையாகக் குட்டை அரிசி. சொம்பில் கொட்டிவிட்டு, நான் போட்ட சத்தம் என்ன என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எதிர்ச் சன்னலைப் பார்த்து இடுப்பில் கைவைத்துக் கத்தினாள், "கொவிந்தா! அரோஸ்!"

நான் போட்டதைவிடப் பெரிய குரல். மீன் விற்றுப் பழகிய தொண்டையாக இருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு நான் மணியடிக்கவே இல்லை. வீட்டுக்கு வீடு கோவிந்தா போட்டேன். கதவைத் திறக்காத வீடுகளும் இருந்தன, திறந்து பார்த்துத் தலையை ஆட்டி மூடிக்கொண்டவர்களும் இருந்தார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. ஒருத்தி ஈரக் கையோடு வந்து நீள அரிசி போட்டாள். ஒரு தாத்தா என்னிடம் பெயர், ஊர், வேலை எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் போட்டார். "தோல் பார்க்கிறவள்" என்றதும் தன் காலில் இருந்த ஷூவைத் தூக்கிக் காட்டி, எப்படி என்றார். முன்பக்கத்து மடிப்பில் தோல் தளர்ந்திருக்கிறது, நானாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து இன்னொரு பிடி போட்டார்.

தெருமுனையில் யாரோ பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது. முதல் வீட்டுக்காரர். கையில் பிரிக்காத அரிசிப் பாக்கெட்டு. முழுதாக என்னிடம் நீட்டினார். "ஒரு பிடி போதும்" என்று விரலைக் குவித்துக் காட்டினேன். அங்கேயே பல்லால் பாக்கெட்டைக் கடித்துப் பிரித்து, ஒரு பிடி அள்ளிப் போட்டார். "கோவிந்தா!" என்றேன். அவரும் சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்து சொம்பை அம்மாவுக்குக் காட்டினேன். கழுத்துவரை நிரம்பியிருந்தது. "இன்னாடி, தெருவையே அள்ளிக்கினு வந்துட்ட!" என்றவள், பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "என் பொண்ணு. வெளிநாட்டுல கோவிந்தா போட்டு வாங்கினது." பரீட்சை முடிவு வந்த நாளிலும் இதே குரலில்தான் பேசினாள்.

"காட்டினது போதும்மா, அடுப்பப் பத்த வைக்கறேன்" என்றேன்.

குட்டை அரிசி குழைந்தது. நீள அரிசி தனித்தனியாக நின்றது. பொங்கி இறக்கி, வெல்லத்துக்குப் பதில் பழுப்புச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறி, சுவரில் ஒட்டியிருந்த நரசிம்மர் படத்தின் முன் தட்டில் வைத்தேன். நான் இங்கே கற்பூரம் காட்டினேன். அம்மா அங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முடிஞ்சிது. சாப்புடும்மா."

"நீ முதல்ல வாயில போடு. நான் பார்க்கணும்."

ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டேன். சரியாக வேகாத அரிசி ஒன்று பல்லில் கடிபட்டது. அதையும் மென்று விழுங்கினேன். திரையில் அம்மா தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா போனை வாங்கிப் பிடித்துக்கொண்டார். அவள் இரண்டாவது வாய், மூன்றாவது வாய் என்று நிறுத்தாமல் அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நானும் என் தட்டைக் காலி செய்தேன்.