கிண்ணத்துத் தண்ணீர்

எங்கள் நாய் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்த அன்று, கடித்தது நானே என்பதுபோல் தலைகுனிந்து நின்றேன். மேற்குத் தாம்பரத்தில் அந்தக் காம்பவுண்டில் கீழே இரண்டு போர்ஷன், மாடியில் வீட்டுக்காரர். எல்லோருக்கும் ஒரே கேட், ஒரே அடிபம்பு. முகத்தை ஒளித்துக்கொள்ள இடமே கிடையாது.

அவன் பாதி பொமரேனியன், மீதி பாதி எந்தத் தெருவோ. அடர்ந்த வெள்ளை முடி, சுருண்ட வால், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடங்கியிருக்கும். கோடையில் உண்ணி பிடிக்கும் என்று தினமும் சீப்பால் வாரிவிடுவேன். திருமுடிவாக்கத்தில் என் கணவரோடு வேலை பார்த்தவர் வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனார். ஊசியெல்லாம் போட்டாச்சு என்றார். சீட்டு மட்டும் சாமான்களோடு எங்கோ போய்விட்டதாம். அவர் வாயாலேயே போட்ட ஊசியை நாங்களும் நம்பினோம்.

வெயில் நேரத்தில் பின்பக்கத்து அடிபம்புக்குக் கீழே ஈரத்தில்தான் படுத்துக் கிடப்பான். பக்கத்து வீட்டுக்காரிக்கு அது பிடிக்காது. நாய் எச்சில் பட்டால் அவர்களுக்குத் தொழுகைக்கு ஆகாது. ஒவ்வொரு தடவையும் தளத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் குடத்தை வைப்பாள். முணுமுணுப்பாளே தவிர, ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை.

அன்று தண்ணீர் அடிக்கப் போன அவள் மகள், தெரியாமல் அவன் வாலை மிதித்துவிட்டாள். கெண்டைக்காலில் பல் பதிந்துவிட்டது. நான் பம்பு அடிக்க, அம்மாக்காரி சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்டு, மீதியையும் தவறாமல் போட வேண்டும் என்றார்கள். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அது நன்றாக இருந்துவிட்டால் பயமில்லை.

முன்பக்கம் மாடிப்படிக்குக் கீழே கட்டினோம். மறுநாள் பால்சாதம் தின்றான், தண்ணீரைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் சாதத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டான். மே மாத வெயில். நாக்கு தொங்க, வாயோரம் நுரை கட்டியிருந்தது. கிட்டப் போகப் பயந்து கிண்ணத்தை ஒட்டடைக் கம்பால் தள்ளினோம். கிண்ணம் வர வர அவன் சுவரோடு ஒண்டினான்.

தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறது, வெறிதான், சந்தேகமே இல்லை என்றார் மாடியில் நின்ற வீட்டுக்காரர். பொழுது சாய்வதற்குள் நாயை முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். என் கணவர் கால்நடை டாக்டரைக் கேட்கிறேன் என்று செல்போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். கொல்ல வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. எதிர் ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரி மகளுக்கு மறுபடி மறுபடி டம்ளரில் தண்ணீர் கொடுத்து, அது தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள். பம்பின் கைப்பிடி கிறீச்சிட்டது. அவன் எழுந்தான். சங்கிலி இறுக, பின்பக்கம் பார்த்து முனகினான். சத்தம் நின்றதும் அவனும் அடங்கினான். மறுபடி கிறீச்சிட்டது, மறுபடி இழுத்தான். அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இது என்னிக்கி கிண்ணத்துல குடிச்சிகீது?"

தினமும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் நிரப்பிவைப்பேன், சாயங்காலம் குறைந்திருக்கும். குடித்தது அவனா காக்கையா என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

"பம்பாண்டதான் குடிக்கும். டெய்லி கழுவுறது நானு, எனக்குத் தெரியாதா? சங்கிலியோட இட்டுனு வாங்க."

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் எட்ட நின்று பம்பை அடித்தாள். தண்ணீர் விழுந்தது. அவன் ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாயை வைத்தான். குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான். முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் அவள் அழுதுகொண்டே அடித்தாள். அவள் நாய்க்காக அழவில்லை. நானும் அந்த நேரத்தில் நாய்க்காக அழவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டதால் மட்டும் எதுவும் தீர்ந்துவிடாது, பத்து நாளும் போகட்டும் என்றார் டாக்டர். காலையும் மாலையும் நான் சங்கிலியைப் பிடிக்க, அவள் பம்பை அடிப்பாள். குழந்தையை அவள் வெளியே விடவே இல்லை.

பத்தாம் நாள் அவன் குடித்து முடித்து உடம்பைச் சிலுப்பினான். இருவர் மேலும் தண்ணீர் தெறித்தது. அவள் தன் உடுப்பைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். வீட்டுப் பக்கம் திரும்பி, வெளியே வா என்று மகளைக் கூப்பிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"மொதல்ல இதுக்கு ஊசி போட்டு சீட்டு வாங்கினு வாங்க. அப்பால இங்கியே படுக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தளத்தைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.