இருபத்தேழாம் எண்

கண்ணுகளா, அப்பாவை ஆபீசில் எல்லோர் முன்னாலும் திட்டினார்கள் என்று அம்மா சொல்லியிருப்பாள். திட்டியது நிஜம். நான் பணியவில்லை, அதுவும் நிஜம். அதை என் வாயாலேயே கேளுங்கள்.

காக்ஸ் டவுன் ஆபீசில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் எங்கள் கம்பெனியின் சொந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. எங்கள் ஆட்கள் எழுதும் மென்பொருளை, அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் ஒரே கட்டாகக் கட்டுவார்கள். இமேஜ் என்று பேர். அதற்கு ஒரு எண் கொடுத்து என் சர்வரில் ஏற்றுவார்கள். ரத்தப் பரிசோதனை லேப்களின் கம்ப்யூட்டர்கள் அந்த எண்ணைக் கேட்டு இறக்கிக்கொள்ளும். ஒருமுறை ஏறிய எண்ணின் மேல் வேறொன்று ஏறாதபடி நான் பூட்டு போட்டிருந்தேன்.

இருபத்தேழில் ஒரு தப்பு. சில ரிப்போர்ட்டில் ஒருவருடைய சர்க்கரை அளவு அடுத்தவர் பேரில் அச்சாகியது. மறுநாளே திருத்திவிட்டார்கள். மேனேஜர் என் மேசைக்கு வந்தார். என்னைவிடச் சின்னவர்.

"அண்ணா, பூட்ட ஒரே ஒரு தடவ எடுங்க. திருத்துனத அதே இருபத்தேழுலயே ஏத்திடலாம். கஸ்டமருக்கு எதுக்குத் தெரியணும்?"

"ஏற்கெனவே இறக்குனவங்க கிட்ட பழசுதானே சார் ஓடும்? நம்பர் மாறலைன்னா புதுசு வந்ததே அந்த மெஷினுக்குத் தெரியாது. எங்க எது ஓடுதுன்னு நமக்கும் தெரியாது."

"கேபிள் இழுக்க வந்தவரு, பத்தாவது பாஸு, எனக்கே பாடமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"கேபிள் இழுக்க வந்தவன்தான் சார். ஆனா எண்ணத் தெரியும். இருபத்தேழுக்கு அப்புறம் இருபத்தெட்டு."

இப்போது சிரிப்பு பலமாக வந்தது. அது என்னைப் பார்த்து அல்ல.

"சாக்கு, சாக்கு! வேற ஆள் வெச்சு எடுக்கவா?"

"வெச்சுக்குங்க சார். என் கையால எடுக்க மாட்டேன்."

வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். யாரோ ஒருவர் அடுத்தவருடைய சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கலாம், பிள்ளைகளே. அதைவிட என் வேலை பெரிதா?

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப லேபுக்கெல்லாம் நீங்களே போன் போட்டு வாங்கிக் கட்டிக்குங்க" என்றார். திருத்தியது இருபத்தெட்டாகவே ஏறியது. நான் ஒவ்வொரு லேபுக்கும் பேசினேன். தப்பு எங்களுடையது, பழைய ரிப்போர்ட்டுகளை மறுபடி பாருங்கள் என்றேன். இரண்டு பேர் கண்டபடி ஏசினார்கள். வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் டீக்குக் கீழே போன பிறகு, சர்வரில் இருபத்தேழைத் திறந்தேன். குறிப்பு எழுதும் கட்டம் அதுவரை காலியாகவே கிடந்தது. 'சர்க்கரை அளவு பேர் மாறி வருகிறது, இதை இறக்க வேண்டாம்' என்று தட்டி, அதன் கீழே என் பேரையும் போட்டேன்.