தண்ணீர் கூலருக்கு மேலே ஒட்டிய பயம்

கம்பெனி சாப்பாடு போட ஆரம்பித்தால் எனக்கு வேலை போய்விடும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவுக்குப் பஸ் ஏறிப் போய், புலிப் படம் போட்ட கம்பளி, ஆரஞ்சு பவுடர், தலைவலித் தைலம், மைத்துனிக்கு ஒரு டார்ச் லைட் எல்லாம் வாங்கி, அட்டைப் பெட்டியில் அடைத்து, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மார்க்கர் பேனாவால் என் பெயரையும் ஊரையும் நாலு பக்கமும் எழுதி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கும் அளவுக்கு நம்பினேன். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் குடிப்பார்கள். நான் பெட்டி கட்டுவேன். ரூமில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெட்டியைப் பார்த்து ரூம் மொத்தமும் என்னைக் கேலி செய்து சிரித்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் அடுத்த நாள் தாங்களும் ஆளுக்கொரு பெட்டி வாங்கி வந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படம். தண்ணீர் கூலருக்கு மேலே ஒட்டியிருந்தது. ஒரு வீட்டு வாசலில் பள்ளிக்கூட யூனிபார்ம் போட்ட சிறுமி நிற்கிறாள். முகத்தைச் சுருக்கிக்கொண்டு, இப்போதோ இன்னும் கொஞ்ச நேரத்திலோ அழுதுவிடுவாள் போல நம்மைப் பார்க்கிறாள். அவளுக்கு முன்னால், கயிறு கட்டிய ஒரு பெட்டியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். தலைக்கு மேலே பெரிய எழுத்தில், ‘அப்பா, ஏன் அதுக்குள்ள வந்துட்டீங்க?’ கீழே சிவப்பு எழுத்தில், ‘இன்று தட்டை எண்ணுவார்கள். நாளை தலையை எண்ணுவார்கள். கேட்டரிங் வேண்டாம்.’ அதையே இந்தியிலும் வங்காளத்திலும் எழுதியிருந்தது. தேவையே இல்லை. தண்ணீர் பிடிக்க வந்த நேபாளிகூட பாட்டில் நிரம்பி வழிவது தெரியாமல் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு இரண்டும் பையன்கள். ஆனாலும் எனக்கு ஒரு மகள் இருப்பதாகவும், அவள் என்னைத்தான் கேட்கிறாள் என்றும் தோன்றிவிட்டது.

நாங்கள் இருந்த கேம்ப் ஷார்ஜாவுக்கு வெளியே இருந்தது. நான் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பொதுச் சமையலறை. ஒவ்வொரு ரூமிலும் ஆளுக்கொரு நாள் முறை வைத்துச் சமைப்பார்கள். அடுப்புகள் கொஞ்சம், ரூம்கள் நிறைய. அதனால் முறைக்காரன் முதல் பாங்கு சொல்வதற்கு முன்பே எழுந்து, சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு வரிசையில் நிற்க வேண்டும். பஸ் வருவதற்குள் சோறு, குழம்பு, மத்தியானத்துக்கு டப்பா எல்லாம் முடிந்தாக வேண்டும். ஒருநாள் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. சமையலறைகளை மூடிவிட்டு, வெளியிலிருந்து கேட்டரிங் சாப்பாடு கொண்டுவரலாமா, உங்கள் விருப்பம் என்ன, ஓட்டுப் போட்டுச் சொல்லுங்கள் என்று. வேலை நேரத்தை மாற்றியபோது கேட்டதில்லை. ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்குத் தூக்கிப் போட்டபோதும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் எங்களை முதலில் பயமுறுத்தியது.

கேட்டரிங் வேண்டும் என்று ஆபீசில் முதலில் மனுக் கொடுத்தவர் எங்கள் ரூம் மேஸ்திரி அண்ணன். பரமக்குடிப் பக்கத்து ஆள். சாரத்தின் மேலே நின்று கொத்தனார்களுக்கு மட்டம் சொல்கிற வேலை. அவருக்குச் சர்க்கரை இருந்தது. வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ரூமில் பாதிப் பேருக்கு ஓவர்டைம். அவர்கள் முறை வரும்போது எழுந்திருக்க மாட்டார்கள். ரூமே பட்டினி போகக் கூடாதென்று இவர் எழுந்து போவார். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், துணி காயப்போடும் இடத்தில் என்னிடம் சொன்னார்.

“மேல நிக்கிறப்ப கண்ணு இருட்டுதுப்பா. கம்பியப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறேன். மக பத்தாவது முடிக்கிற மட்டும் தாக்குப் பிடிச்சிட்டாப் போதும். தூக்கம் மட்டும் கெடச்சா பிடிச்சிருவேன்.”

நான் வழக்கம்போல, “நான் சமைச்சுப் போடவா அண்ணே?” என்றேன்.

“நீ சமைச்சா கண்ணு மட்டுமா இருட்டும்?” என்று அவரும் சிரித்தார். வெறும் தமாஷாக அது முடிந்துவிட்டது.

வேண்டாம் கட்சிக்குத் தலைவர் கிரேன் ஓட்டுகிறவர். கடலூர்க்காரர். மீன் குழம்பு அவர் வைத்தால் அடுத்த தளத்திலிருந்து தட்டோடு வருவார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல என்னால் முடியாது. இதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில், ஒரு நாள் காலையில் கேட்டில் நிறுத்திப் பேர் வாசித்து ஊருக்கு அனுப்பப்பட்டவர் அவர். அதனால் அவருக்கு எதைப் பார்த்தாலும் பேர் வாசிக்கிற சத்தம்தான் கேட்கும். அவர் சொன்ன நியாயம் இது: “சோறு அவன் போட்டா எத்தினி தட்டுன்னு எண்ணுவான்ல? எண்ணுனாத்தான் ஆளு ஜாஸ்தின்னு தெரியும். இவ்ளோ நாளா நாம எத்தினி பேரு இருக்கோம்னு அவனுக்கே ஒழுங்காத் தெரியாது. அதனாலதாம்ப்பா நாம இருக்கோம்!”

கொஞ்சம் யோசித்தால் இது எவ்வளவு அசட்டுப் பேச்சு என்று தெரியும். மாதாமாதம் சம்பளம் போடுகிறவனுக்கு எத்தனை பேர் என்று தெரியாதா? விசா அடித்தவனுக்குத் தெரியாதா? ஸ்டோரில் ஒவ்வொருவருக்கும் ஷூவும் ஹெல்மெட்டும் எண்ணிக் கொடுப்பவனே நான்தான். ஆள் எண்ணிக்கை இந்த உலகத்தில் யாருக்காவது துல்லியமாகத் தெரியுமென்றால் எனக்குத்தான் தெரியும். நான்தான் முதலில் பெட்டி வாங்கினேன்.

வீட்டுக்குப் போன் செய்து, “வந்துருவேன் போல இருக்கு” என்றேன். மனைவி டிவி சத்தத்தைக் குறைத்தாள். குரல் உடைந்து ஏதோ சொல்லப் போகிறாள் என்று நான் கண்ணைத் துடைக்கத் தயாரானேன். “வர்றதுதான் வர்றீங்க, கம்பளி ரெண்டா எடுத்துட்டு வாங்க. பெரியண்ணிக்கு ஒண்ணு குடுத்தா சின்னண்ணி மூஞ்சியத் தூக்குவாங்க” என்றாள்.

அந்தப் படம் ஏன் அப்படி எங்களைப் பிடித்து உலுக்கியது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். வேறு எந்த ஊரில் வேறு எந்த மனிதரிடம் காட்டினாலும், அப்பா வீட்டுக்கு வந்து நிற்பதும் மகள் வாசலில் பார்ப்பதும் சந்தோஷமான காட்சி. காலண்டரில் போடுவார்கள். எங்களிடம் மட்டும் அதைக் காட்டிப் பயமுறுத்த முடிந்தது. ஏனென்றால் நாங்கள் ஒவ்வொருவரும் லீவில் போய் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவுடன் எங்கள் காதில் விழுந்த முதல் கேள்வி ‘எப்ப வந்தீங்க?’, மூச்சு விடாமல் அடுத்த கேள்வி ‘எப்பப் போறீங்க?’ கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. டீக்கடைக்காரர் கேட்பார், தபால்காரர் கேட்பார், சொந்த அம்மா கேட்பாள். திரும்பிப் போகிற தேதி இல்லாமல் வந்தவன் அதற்கு என்ன பதில் சொல்வது? கிரேன்காரர் புதிதாக ஒரு பயத்தையும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் எல்லாருடைய உள்பாக்கெட்டிலும் இருந்ததை எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு, கூலருக்கு மேலே ஒட்டினார். அவ்வளவுதான்.

இப்போது நான் அஜ்மானில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். டிவியில் எப்போதாவது, பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் ஆமாம், இல்லை என்று பொதுவாக்கெடுப்பு நடப்பதைக் காட்டுகிறார்கள். சுவரெல்லாம் போஸ்டர்: அழுகிற குழந்தை, கூட்டம் கூட்டமாக வருகிற நிழல்கள், காலியான சட்டி. நன்றாகப் படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள், அதன் முன்னால் நின்று பார்க்கிறார்கள். அந்த முகங்களை எனக்குத் தெரியும். எங்கள் நேபாளியும் பாட்டிலை மறந்து அப்படித்தான் நின்றான். கேள்வி என்னவோ சின்னதுதான், இதைச் செய்யலாமா வேண்டாமா. போஸ்டர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை. வேறொரு கேள்வியைக் கேட்கிறது. நாமும் அந்த வேறு கேள்விக்கு ஓட்டைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

வேண்டும் கட்சியும் ஒரு போஸ்டர் ஒட்டியது. மேஸ்திரி அண்ணன் வெள்ளைத் தாளில் தன் கையாலேயே எழுதினார். ‘சமைக்கும் நேரம் மிச்சம். எல்லோரும் கூடுதலாகத் தூங்கலாம். சாப்பாடு சரியில்லை என்றால் சேர்ந்து போய்ச் சொல்லலாம்.’ படம் இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. எல்லாம் உண்மை. யாரும் நின்று படிக்கவில்லை. அதன் ஓரத்தில் யாரோ ஒரு கோழிக்கால் வரைந்து வைத்தார்கள். அந்த யாரோ நான்தான்.

டூட்டி முடிந்து வந்த ஒரு சாயங்காலம் அவர் கூலருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதுவரை அந்தப் படத்தை அவர் கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை. அன்று போட்டிருந்தார். நான் பக்கத்தில் போய், “என்ன அண்ணே, எதிர்க்கட்சி போஸ்டர மனப்பாடம் பண்றீங்களா?” என்றேன். அவர் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து கிரேன்காரர் சோப்பும் துண்டுமாகக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

“ஏய் கிரேனு. இது எம் புள்ளப்பா.”

கிரேன்காரர் நின்றார். “தெரியும் மேஸ்திரி. உங்க ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தீங்கல்ல, அதுல எடுத்தேன். மூஞ்சி அம்சமா வந்திருந்துச்சு. பாத்தாலே பாவமா இருக்குல்ல?”

“பாவமா இல்லப்பா. வெயிலு. எதிர் வெயில்ல நிக்க வச்சு அவங்க அம்மா எடுத்தது. கண்ணு கூசி மொகத்தச் சுளிக்கிறா.”

பக்கத்தில் இருந்த நாலைந்து பேரும் அப்போதுதான் படத்தை உற்றுப் பார்த்தோம். உண்மைதான். அழுகை இல்லை. வெயில். அவளுடைய நிழல்கூடக் கதவில் கூர்மையாக விழுந்திருந்தது. இத்தனை நாள் இத்தனை பேர் பார்த்தும் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

“கிழிச்சிரவா மேஸ்திரி?” என்றார் கிரேன்காரர். மனசாரத்தான் கேட்டார்.

“எம் புள்ள படத்த நானே கிழிக்கச் சொல்வனா?” என்றுவிட்டு அண்ணன் தண்ணீர் பிடிக்காமலேயே ரூமுக்கு வந்துவிட்டார்.

கட்டிலில் உட்கார்ந்து மகளுக்கு வீடியோ கால் போட்டார். நான் எதிர்க் கட்டிலில் சாக்ஸ் கழற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம், பரீட்சை, சைக்கிள் பஞ்சர் எல்லாம் பேசினார்கள். பிறகு அவர், ஏதோ தமாஷ் போல, “ஏத்தா, அப்பா நாளைக்கே வந்து வாசல்ல நின்னா நீ என்ன கேப்ப?” என்றார். ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது. ஒரு நொடிகூட அவள் யோசிக்கவில்லை. உற்சாகமாகத்தான் கேட்டாள்.

“எத்தன நாள் லீவுப்பா?”

அவர் சிரித்தார். நிறைய நாள் என்றார். போனை வைத்த பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகு நேரம் துடைத்தார். சாக்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றேன்.

ஓட்டுப் போடும் நாளில் கேம்ப் பாஸ், அதாவது எங்கள் கேம்பைப் பார்த்துக்கொள்கிறவர், காலியான தண்ணீர்க் கேன் ஒன்றைத்தான் பெட்டியாக வைத்தார். “வேணும்னா டிக், வேணாம்னா கிராஸ். போட்டமா, கலாஸ். பேச்சு மாஃபி” என்று கத்தினார். போட்டால் முடிந்தது, பேச்சே கிடையாது என்று அர்த்தம். எந்த மொழிக்காரனுக்கும் டிக்கும் கிராஸும் புரியும் என்று ஏற்பாடு. சீட்டைச் சுருட்டி கேன் வாய் வழியாகத் தள்ளினோம். எல்லாம் முடிந்த பிறகுதான், உள்ளே போன சீட்டு வெளியே வராது என்பது அவருக்கு உறைத்தது. கவிழ்த்துக் குலுக்கினார், குச்சியால் நோண்டினார், கடைசியில் கேனைக் கத்தியால் அறுத்தார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் சிரித்தேன். என் சீட்டில் கிராஸ்தான் போட்டிருந்தேன். துணி காயப்போடும் இடத்தில் மேஸ்திரி அண்ணன் சொன்னது எனக்கு நினைவிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியும் நினைவிருந்தது. பேனாவைப் பிடித்த கை பெட்டியின் பேச்சைக் கேட்டது.

வேண்டாம் கட்சி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. கிரேன்காரர் அன்றைக்கு வஞ்சிரம் வாங்கி, தன் கையாலேயே குழம்பு வைத்து, எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கும் ஊற்றினார். அண்ணனுக்கு நடுத்துண்டு வைத்தார். அண்ணனும் மறுக்காமல் சாப்பிட்டார். “கொழம்புக்கு ஓட்டுக் கேட்டிருந்தா நானே உனக்குப் போட்டிருப்பேன்யா. எம் மகளக் காட்டிக் கேட்டிட்ட” என்றார். கிரேன்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

சமையலறைகள் மூடப்படவில்லை. அடுப்பு வரிசை அப்படியே இருந்தது. ஓவர்டைம்காரர்கள் முறை தவறும் நாட்களில் மேஸ்திரி அண்ணன் பழையபடி எழுந்து போனார். நான் சில நாட்கள் அவருக்குப் பதிலாகப் போனேன். பல நாட்கள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

வெயில் காலம் தொடங்கியபோது, சாரத்தின் மேலே அவருக்குக் கண் இருட்டியது. பெல்ட் மாட்டியிருந்ததால் கீழே விழவில்லை, தொங்கினார். சேஃப்டி ஆபீசர் இறக்கி மெடிக்கலுக்கு அனுப்பினார். உயரத்தில் நிற்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். கீழே கொடுக்க வேலை இல்லை என்று ஆபீசில் சொல்லி விசாவை கேன்சல் செய்தார்கள். மகளுக்கு அப்போது ஒன்பதாவது. ஏர்போர்ட்டுக்கு கிரேன்காரர்தான் கூடப் போனார்.

அடுத்த வருஷம் கம்பெனி யாரையும் கேட்காமல் சமையலறைகளைப் பூட்டிவிட்டு கேட்டரிங்கைக் கொண்டுவந்தது. சாம்பார் சுமாராக இருந்தது, எல்லோரும் கூடுதலாகத் தூங்கினோம். ஒருவருக்கும் வேலை போகவில்லை.