ராணிக் கிரீடமும் ரத்துக் கடிதமும்

டெக்சாஸில் ஓர் அரசுக் கல்லூரி. அதன் கலையரங்கை யாருக்கு, என்றைக்கு விடுவது என்பதைப் பதிவு செய்கிற வேலை லொரெட்டா ஸ்டோவலுக்கு. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. முதலில் வந்தவருக்கு முதல் இடம். கவர்னரின் மருமகனே வந்தாலும் படிவம் நிரப்பித்தான் ஆகவேண்டும். ஞாயிறு தவறாமல் சர்ச், புதன்தோறும் பைபிள் வகுப்பு. பிடிவாதத்தில் கோவேறு கழுதை அவரிடம் பாடம் கேட்கலாம்.

மார்ச்சில் எமரி குயின்டானா என்ற மாணவன் வந்தான். ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, பையன்கள் பெண் வேடமிட்டு ஆடிப்பாடும் நிகழ்ச்சிக்கு அரங்கம் வேண்டும் என்றான். லொரெட்டாவுக்கு அதெல்லாம் அறவே ஆகாது. முகத்தைச் சுளித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தார். பிள்ளைகள் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தார்கள்.

நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது கல்லூரித் தலைவர் வென்டெல் ஹார்க்ரோவின் உத்தரவு வந்தது. ஆண்கள் பெண் வேடமிடும் எந்த நிகழ்ச்சிக்கும் அரங்கம் கிடையாது, உடனே ரத்துக் கடிதம் அனுப்பவும். எமரி ஓடிவந்தான். பேச்சுரிமை என்று சட்டத்தில் இருக்கிறதே, அரசுக் கல்லூரி அதை மீறலாமா என்று கேட்டான். கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் விசாரணை வராதாம். பையனின் கண் கலங்கியது. லொரெட்டாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

உத்தரவை மறுபடி படித்தார். 'எந்த நிகழ்ச்சிக்கும்' என்று இருந்தது. பதிவேட்டைப் புரட்டினார். சனிக்கிழமை, தீயணைப்புத் தொண்டர்கள் வருடாவருடம் நடத்தும் ஆண் அழகிப் போட்டி. பண்ணைக்காரர்களும் கால்பந்துப் பயிற்சியாளரும் கவுன் மாட்டி, நெஞ்சில் பலூனைச் செருகி நடப்பார்கள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். போன வருடம் ராணிக் கிரீடம் சூடியவர் சாட்சாத் ஹார்க்ரோதான்.

லொரெட்டா இரண்டு ரத்துக் கடிதங்கள் அனுப்பினார்.

மறுநாள் காலை ஹார்க்ரோ மூச்சுவாங்க வந்து நின்றார். தீயணைப்புக்காரர்கள் அவரை வீட்டுக்கே போய் வறுத்தெடுத்திருந்தார்கள்.

"அது வேற, இது வேற, லொரெட்டா. நாங்க சும்மா வேடிக்கைக்குப் பண்றோம்."

"அவங்களும் வேடிக்கைன்னுதான் படிவத்துல எழுதியிருக்காங்க சார்."

"உங்களுக்கே அது பிடிக்காதுன்னு கேள்விப்பட்டேனே?"

"சுத்தமாப் பிடிக்காது. உங்க மஞ்சள் கவுனும்தான் பிடிக்கலை. எனக்குப் பிடிக்காததையெல்லாம் நிறுத்தியிருந்தா இந்த அரங்கத்துல வௌவால்தான் குடியிருக்கும்."

சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். என்ன வித்தியாசம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், தீயணைப்புக்காரர்களின் கடிதத்தை மட்டும் திரும்பப் பெறலாம் என்றார்.

ஹார்க்ரோ உட்கார்ந்தார். ஒரு வரி எழுதி அடித்தார். இன்னொன்று எழுதி அதையும் அடித்தார். எப்படி எழுதினாலும், 'அவர்கள் சொல்வது எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்றுதான் வந்து முடிந்தது. அதைக் கையெழுத்தோடு நீதிபதி பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்தார். உத்தரவையே வாபஸ் வாங்கிக்கொள்வதாக முனகிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை லொரெட்டா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கடைசிவரை சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் எமரி ஒட்டு இமைமுடிகளோடு அவரிடம் வந்தான்.

"எப்படி இருந்துச்சு மேடம்?"

"பிடிக்கலை" என்றார். கைப்பையைத் திறந்து ஒரு படிவத்தை நீட்டினார். "அடுத்த வருஷத்துக்கு இப்பவே எழுதிக் குடுத்துடு. நல்ல தேதியெல்லாம் சீக்கிரம் போயிடும்."