குளக்கட்டில் ஒரு நேர்முகத் தேர்வு

மஸ்கற்றில் உள்ள ஒரு சர்வதேசப் பாடசாலையில் மூன்று வருடங்களாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கள் ஊரான முரசுமோட்டைக்கு வந்திருந்தபோது துணுக்காயிலிருந்து தோழி சுகந்தி அழைத்தாள். அவளும் விஞ்ஞான ஆசிரியை. எங்கள் பாடசாலைக்கே விண்ணப்பித்திருந்தாள். வியாழக்கிழமை நம் நேரப்படி இரண்டு மணிக்குக் காணொளியில் நேர்முகத் தேர்வு, கூடவே ஒரு மாதிரிப் பாடம்.

“வேறொண்டும் வேண்டாம், நீ பக்கத்தில இருந்தால் காணுமடி,” என்றாள். புறப்பட்டேன். ஊரிலிருந்தே வெளிநாட்டு ஆசிரியர் வேலைக்கு முயற்சி செய்பவர்களுக்கு அன்றைய அனுபவம் உதவும்.

காலை எட்டு மணிக்குப் பரந்தன் சந்தியில் வவுனியா பஸ். துணுக்காய்க்கு நேரே பஸ் உண்டா என்று நடத்துநரிடம் கேட்டேன்.

“மாங்குளத்தில இறங்கி மல்லாவிப் பக்கம் போற பஸ்ஸைப் பிடியுங்கோ தங்கச்சி. அதைத் தவற விட்டால் கனநேரம் நிக்கவேண்டி வரும்.”

மாங்குளம் வரை ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், நல்ல வீதி. அங்கிருந்து துணுக்காய் இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட. ஜன்னலோரம் கிடைத்தால் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றோடு புழுதியும் உள்ளே வரும்.

சுகந்தியின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவளுக்கு வன்னியை விட்டால் வேறு ஊர் தெரியாது. மடிக்கணினி, படங்கள், வெள்ளைச் சீலை கட்டிய சுவர் என்று எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். ஒன்றரை மணிக்கு மின்சாரம் போனது. அதோடு இணைய இணைப்பும்.

அவள் கணவர் நகுலன் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். “குளக்கட்டில போன் நல்லா வேலை செய்யும். ரெண்டு பேரும் ஏறுங்கோ ரீச்சர்.”

குளத்து அணையின் மேலே சிக்னல் இருந்தது. ஆனால் எதிரே இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்குக் காற்று. ஒலிவாங்கி பொருத்திய இயர்போனைக் காதுக்குள் செருகிக்கொண்டாள் சுகந்தி. நான் போனைப் பிடித்தேன். திரையில் எங்கள் உப அதிபரும் இன்னும் இருவரும். பாடம் ஆவியாதல். தயாரித்த படங்கள் எல்லாம் வீட்டில்.

அவள் கரையில் இறங்கி இரண்டு கைக்குட்டைகளை நனைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றை மோட்டார் சைக்கிள் கைபிடியில் விரித்துக் கட்டினாள். மற்றதைச் சுருட்டிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். “எது முதலில் காயும்? ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெரியவர்கள் மூவரும் பிள்ளைகளைப் போலச் சண்டை பிடித்தார்கள். பாடம் முடிய முன்பே கைபிடியில் இருந்தது காய்ந்து படபடவென்று அடித்தது. உப அதிபர் கைதட்டினார்.

பிறகு நிபந்தனைகள். முதல் வருடம் குடும்பத்துக்கு விசா இல்லை என்றார்கள்.

“எனக்கு எட்டு வயதில் மகள் இருக்கிறாள். உங்கள் பாடசாலையில் அவளுக்கும் இடம் தந்தால் வருவேன். இல்லையென்றால் வர முடியாது,” என்றாள் சுகந்தி.

யோசித்துவிட்டுச் சொல்வதாக அவர்கள் விடைபெற்றதும் அவளைப் பிடித்து ஏசினேன். “வேலை கையில வாற நேரம் என்னடி கதைச்சனி?”

“கேட்கவேண்டியதைத்தானே கேட்டனான். அவைக்கு ரீச்சர் வேணும். எனக்குப் பிள்ளை வேணும்.”

என் மகன் கவின் இந்த மூன்று வருடமும் முரசுமோட்டையில் தகப்பனோடு இருக்கிறான். அவனுக்கு ஓர் இடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நாலாம் நாள் சுகந்திக்கு வேலை உறுதியானது. மகளுக்கு இடம், கல்விக்கட்டணம் இல்லை. நகுலனுக்கு ஆறு மாதத்தின் பின் விசா. அன்றிரவே நானும் கவினுக்கு ஓர் இடம் கேட்டு எங்கள் அதிபருக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: ‘தாராளமாக. நீங்கள் கேட்கவேயில்லையே.’

போக நினைப்பவர்களுக்கு: நேர்முகத் தேர்வின் நேரம் எந்த நாட்டு நேரம் என்று முதலில் உறுதிப்படுத்துங்கள், மஸ்கற் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னே. சிக்னல் உள்ள இன்னோர் இடத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். படங்கள் இல்லாமலும் பாடத்தை ஒருமுறை நடத்திப் பாருங்கள். வீடு, விசா, பிள்ளையின் படிப்பு எல்லாவற்றையும் கையெழுத்து வைக்கும் முன் வாய்விட்டுக் கேளுங்கள். நல்ல ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது அவர்களுக்கும் லேசில்லை.

செய்தியைச் சொன்னதும் கவின் கேட்ட முதல் கேள்வி, “அங்க உங்களை அம்மா எண்டோ ரீச்சர் எண்டோ கூப்பிடுறது?”

“வகுப்புக்குள்ள ரீச்சர்,” என்றேன். “பின்னேரம் அம்மா.”