சைகோனில் நான் சொன்ன ‘போகாதடி’

இந்த மே மாதம் எட்டு நாள் சைகோன் போய்வந்தோம். ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் டாக்சிக்காரர் முதல் என் நாத்தனார் வரை எல்லோரும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், அங்கே ஆறு வருடமாக இருக்கிறார். வரச்சொல்லி வரச்சொல்லி அலுத்துப்போய், கடைசியில் கோபித்துக்கொள்ளவே தொடங்கிவிட்டார். நாங்கள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் எங்கள் மகள் மித்ரா. ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. நாம் கொஞ்சம் அசந்தால் தன்பாட்டுக்குக் கிளம்பிப் போய்விடுவாள். அண்ணியிடம் இதைச் சொல்லவே இல்லை. ‘கூச்ச சுபாவம், பேச்சு கொஞ்சம் லேட்டு’ என்று போனிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இப்படிக் கிளம்பிப் போகிற பிள்ளையோடு பயணம் போகும் பெற்றோருக்காகத்தான் இந்தப் பதிவு. ஊர் பார்க்க வந்தவர்கள் மன்னிக்கவும், மியூசியம் எதுவும் வராது.

வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மித்ராவும் மட்டும் சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போனோம். சைகோன் விமான நிலையத்திலிருந்து அண்ணி வீடு இருக்கும் பூ மி ஹங்குக்குப் பதினான்கு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் டோங். மயக்கம் போட வேண்டாம், நம் காசில் எழுநூறு ரூபாய் சொச்சம்தான். ஏறியதும் டிரைவரிடம் பின்கதவைக் காட்டி, மகளைக் காட்டி, சாவி திருப்புவதுபோல் சைகை செய்தேன். அவர் இறங்கிவந்து, உள்ளிருந்து திறக்க முடியாதபடி கதவைப் பூட்டிவிட்டுப் போனார். முன்பின் தெரியாத மனிதரிடம் கேட்க எனக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

அண்ணி வீட்டில்தான் வாய் கட்டிப்போனது. வாசல் கதவில் மாட்ட ஒரு சின்ன அலாரம் கொண்டுபோயிருந்தேன். கதவு திறந்தால் கத்தும். மாட்டினால் எதற்கென்று கேட்பார்களே என்று பெட்டியிலேயே வைத்துவிட்டு, படுக்கும்போது அறைக் கதவுக்கு முட்டுக்கொடுப்பதுபோல் பெட்டியை நகர்த்தி வைத்தேன். ஏன் என்று அண்ணி கேட்டதற்கு, ஏசி குளிர் வெளியே போகிறது என்றேன். அவர் நம்பினார். அண்ணியின் கணவருக்குப் பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். பகல் முழுக்க அண்ணியும் நானும் மித்ராவும்தான். ‘நீ குளி, நான் பாத்துக்கறேன்’ என்பார். நான் கதவைச் சாத்தாமல் குளித்தேன்.

வந்த மறுநாளே அண்ணி எனக்குச் சாலை கடக்கக் கற்றுக்கொடுத்தார். பயணம் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது: சைகோனில் மோட்டார்பைக் கூட்டம் நமக்காக நிற்காது. நாம் ஓடவும் கூடாது, தயங்கவும் கூடாது. ஒரே வேகத்தில் நடந்தால் அவர்களே நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நான் இரண்டு நாள் அண்ணியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன்.

இன்னொரு பாடம் சென்னையிலேயே கற்றது. மித்ராவுக்குப் பயிற்சி தரும் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்: ‘ஓடாதே, போகாதே’ என்று கத்தாதீர்கள். இந்தப் பிள்ளைக்கு முன்பாதிதான் கேட்கும், ‘போகாதே’ என்றால் ‘போ’வை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். என்ன செய்ய வேண்டுமோ அதை மட்டும் சொல்லுங்கள். கையை உயர்த்தி, ஒரே வார்த்தை, ‘நில்’. ஆறு மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் நடைவழியில் பழக்கினோம். நின்றால் ஒரு துண்டு முறுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ் டிரெயினிங்கா என்று கிண்டல் செய்தார். ஆனால் மித்ரா நின்றாள். ஒவ்வொரு முறையும் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணி மூன்று தமிழ்க் குடும்பங்களை அழைத்திருந்தார். குடியிருப்பின் கீழே உள்ள புல்தரையில் பாய் விரித்து, எலுமிச்சை சாதம், சிப்ஸ். ஒரு அம்மா தன் மகன் எந்தெந்த மொழியில் பாடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, பாப்பா எதில் கெட்டி என்றார். டிராயிங் என்றேன். அதுவும் பொய்.

அப்போது மித்ரா எழுந்தாள். நான் பார்த்தேன். பார்க்கத் தவறினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவள் கேட்டை நோக்கி நடந்தாள். வெளியே சாலை, சாலைக்கு அந்தப்பக்கம் ஏரி. வந்த நாளிலிருந்து பால்கனியில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர். கையை உயர்த்தி ‘நில்’ என்றால் அங்கேயே நின்றிருப்பாள். ஆனால் அந்தக் கையை உயர்த்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனவே, மற்ற அம்மாக்கள் கூப்பிடுவதுபோலவே, முகத்தில் சிரிப்போடு, “ஏய், போகாதடி” என்றேன்.

வியட்நாமிய மொழியில் ‘டி’ என்றால் ‘போ’. எனக்கு அப்போது தெரியாது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். அம்மா சிரிக்கிறாள், போ என்கிறாள். சின்னக் கதவைத் திறந்துவிட்டார். நான் சொன்னதன் தலை மகளுக்குக் கேட்டது, வால் வாட்ச்மேனுக்குக் கேட்டது. நான் சொல்ல வந்தது யார் காதிலும் விழவில்லை.

ஓடினேன். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் அவள் சாலைக்கு நடுவில் இருந்தாள். ஓடவில்லை, தயங்கவில்லை, ஒரே வேகம். பைக்குகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. அங்கே ‘நில்’ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவள் அந்தக் கரை ஏறி, கம்பி இல்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீர்ப் பக்கம் போனபோதுதான் கையைத் தூக்கினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

நின்றாள். செருப்பின் முன்பாதி கல் விளிம்புக்கு வெளியே இருந்தது.

பின்னாலேயே ஓடிவந்த அண்ணிக்கு மூச்சு வாங்கியது. மித்ராவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“ஒரு வார்த்தையில நிக்கிற புள்ள. அது என்ன வார்த்தைன்னு எங்கிட்ட சொல்லாம வச்சிருந்தியே. நீ குளிக்கும்போது இவ வெளிய போயிருந்தா, நான் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்?”

திரும்பி வந்தபோது வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவர் ஏன் கேட்க வேண்டும்? என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று இரவே அண்ணி கேட்டில் முறைபோட்டு நிற்கும் எல்லோருக்கும் மித்ராவின் போட்டோவைக் காட்டி, கை உயர்த்தி ‘நில்’ சொல்லப் பழக்கினார். அலாரம் கதவில் ஏறியது. மிச்சமிருந்த நாட்களில் அவள் இரண்டு முறை கிளம்பினாள், இரண்டு முறையும் கேட்டிலேயே நின்றாள்.

நீங்கள் போவதாக இருந்தால், டிக்கெட் போடும் முன்பே தங்கப்போகும் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை நிற்கும் வார்த்தை எதுவோ அதைச் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் கற்றுக்கொடுங்கள். போய் இறங்கிய அன்றே எந்தப் பக்கம் தண்ணீர் என்று நடந்து பாருங்கள், காணவில்லை என்றால் முதலில் அங்கே ஓடுங்கள். பெயர், போன் நம்பர், பேச வராது என்ற விவரம் எல்லாம் அந்த ஊர் மொழியில் எழுதிய அட்டை பிள்ளையின் சட்டையில் இருக்கட்டும். அண்ணி எழுதித் தந்தது இப்போதும் மித்ராவின் பையில் இருக்கிறது. கிளம்பும் காலையில் பிள்ளையை அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

அந்தப் பாயில் விருந்தாளிகளாக இருந்த பெரியவர்கள் ஆறு பேர். அவர்கள் முன்னால் சாதாரண அம்மாவாகத் தெரிய வேண்டும் என்றுதான் நான் கையை உயர்த்தவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோது அவர்களின் பெயர்களை நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.